தானா மிஷின் போட்டால் கட்டுபடியாகுமா? – வாசகர் கேள்வி பதில்

பழைய பிளாஸ்டிக்கை வாங்கி, பிரித்து, அரைத்து, உருக்கித் தானா (பிளாஸ்டிக் குருணை) போடும் தொழில் பற்றிப் பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் தொகுத்திருக்கிறோம். பதில் சொல்பவர்கள் மறுசுழற்சிப் பட்டறைகளின் இயந்திரத்தையும் வரவுசெலவையும் கவனிப்பவர்கள். இங்கே வரும் ரூபாய்க் கணக்குகள் விளக்கத்துக்காகப் போட்டவை. உங்கள் பகுதியின் இன்றைய விலையைப் போட்டு மறுபடி கணக்குப் பாருங்கள்.

கேள்வி: கையில் 30 லட்சம் இருக்கிறது. வங்கியில் இன்னொரு 30 லட்சம் கிடைக்கும் என்கிறார்கள். பீன்யா பக்கம் ஷெட் பார்த்துவிட்டேன். பக்கெட், மக், டப்பா வாங்கி பி.பி. (பாலிபுரோபிலீன்) தானா போடலாம் என்று எண்ணம். மாதம் 25 டன் ஓடும், பழைய சரக்கு கிலோ 30 ரூபாய், செலவு 22 ரூபாய், தானா 65-க்குப் போகும், ஆகவே கிலோவுக்கு 13 ரூபாய் நிற்கும் என்று மிஷின் விற்பவர் எழுதியே கொடுத்திருக்கிறார். நம்பி இறங்கலாமா?
– வாசகர், ஸ்ரீராம்புரம்

பதில்: அவர் போட்ட விலைகள் இருக்கட்டும். அவர் விட்டுவிட்டது கழிவை. 100 கிலோ வாங்கினால் 100 கிலோ தானா வராது. பக்கெட்டின் கம்பிக் கைப்பிடி, ஸ்டிக்கர், உள்ளே ஒட்டிய சிமென்ட், ஈரம், வேறு வகை பிளாஸ்டிக், அரைக்கும்போது போகும் தூள், உருகிய சரக்கை வடிகட்டும் வலையில் சிக்கும் கட்டி எல்லாம் போனால் நன்றாகப் பிரித்த சரக்கிலேயே 82 கிலோ கையில் வந்தால் திருப்தி. அப்படியென்றால் ஒரு கிலோ தானாவுக்குள் இருக்கும் பழைய சரக்கின் விலை 30 ரூபாய் அல்ல. 30-ஐ 0.82-ஆல் வகுத்தால் வரும் 36.60.

செலவையும் பிரித்துப் பார்ப்போம். அரைப்பது, கழுவுவது, உலர்த்துவது, உருக்குவது எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 0.9 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்றால் மின்சாரம் 7.20. பத்துப் பேர், தலைக்கு 18,000 என்றால் மாதம் 1.8 லட்சம், கிலோவுக்கு 7.20. வாடகை 60,000 என்றால் 2.40. தண்ணீரும் சேறு அகற்றலும் 1.00. பிளேடு, வலை, ஹீட்டர், பேரிங் 1.50. சாக்கும் வண்டியும் 1.50. சுழல் பணத்துக்கு வட்டி 1.50. மொத்தம் 22.30. இதுவும் 36.60-ம் சேர்ந்தால் 58.90. 65-க்கு விற்றால் நிற்பது 6.10. மாதம் 25 டன்னுக்குச் சுமார் ஒன்றரை லட்சம். 30 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் தவணை மாதம் 65,000 ரூபாய் வரும். அதையும் கட்டினால் மிச்சம் 87,000. இதில்தான் உங்கள் சம்பளம், இயந்திரத் தேய்மானம், வருமான வரி எல்லாம்.

இதே கணக்கில், அதே சரக்கை வாங்கி, கழிவு மட்டும் கூடி 82-க்குப் பதில் 75 கிலோ வந்தது என்று வையுங்கள். தானா மாதம் 2,100 கிலோவுக்கு மேல் குறையும். வரவில் 1.39 லட்சம் போய்விடும். ஆள், வாடகை, மின்சாரம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஒன்றரை லட்ச லாபம் பதினைந்தாயிரத்துக்கு வந்துவிடும், தவணை கட்ட முடியாது. நஷ்டப்படும் பட்டறைகளில் பெரும்பாலும் இயந்திரத்தில் கோளாறு இருப்பதில்லை, வாங்குமிடத்தில்தான் கோட்டை விட்டிருப்பார்கள்.

அளவிலும் ஒரு கோடு உண்டு. வாடகை, ஆள் கூலி, தவணை மூன்றும் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் 3.05 லட்சம். மற்ற செலவு போகக் கிலோவுக்கு 15.70 மிஞ்சுகிறது. ஆகவே மாதம் சுமார் 19½ டன் போட்டால்தான் கைநஷ்டம் இல்லை. புதுப் பட்டறை முதல் மூன்று நான்கு மாதம் இந்த அளவைத் தொடுவது அரிது. அந்த மாதங்களின் பற்றாக்குறையையும் முதலிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும்.

இனி உங்கள் 60 லட்சத்துக்கு வருவோம். கடன் 30-ம் இயந்திரத்துக்குப் போய்விடும். சொந்தப் பணத்தில் ஷெட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் 6 லட்சம், மின் இணைப்பும் வயரிங்கும் 4, தொட்டி, வடிகால், அனுமதிகள் 3 என்று வைத்தால் மிச்சம் 17. பழைய சரக்கு விற்பவர் அன்றன்றைக்குக் காசு கேட்பார். தானா வாங்குபவர் 45 நாள் கழித்துத் தருவார். மாத விற்பனை ஜி.எஸ்.டி.யோடு 19 லட்சம் என்றால் 45 நாள் பாக்கி மட்டும் 29 லட்சம். பதினைந்து நாள் பழைய சரக்கு 4½, ஒரு வாரத் தானா 3½. ஆக 37 லட்சம் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். உங்களிடம் 20 லட்சம் குறைகிறது. மூன்றாவது மாதம் காசில்லாமல் கடனுக்குச் சரக்கு எடுப்பீர்கள், கடனுக்குக் கொடுப்பவர் ஈரமும் கலப்பும் உள்ளதைத் தள்ளுவார், கழிவு கூடும்.

சிறு தொழிலுக்கு எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் வரை சுழல் கடன் கணக்கிடும் முறை வங்கிகளில் இருக்கிறது. உங்கள் ஆண்டு விற்பனை 1.95 கோடி என்றால் 39 லட்சம். புதுத் தொழில் என்று குறைத்துத்தான் தருவார்கள். ஆனாலும் இயந்திரக் கடனோடு சேர்த்தே கேளுங்கள். மிஷின் வந்து இறங்கிய பிறகு போனால் மேலாளருக்கு அவசரம் இருக்காது. அது கிடைக்காது என்று தெரிந்தால் உருக்கித் தானா போடும் எக்ஸ்ட்ரூடரை ஒத்திப் போட்டு, அரைத்துக் கழுவிய துண்டாகவே விற்று ஒரு வருடம் ஓட்டுவது நல்லது. விலை குறைவுதான், ஆனால் மின்சாரம், முதலீடு, தவணை எல்லாமே குறைவு.

கேள்வி: நாயண்டஹள்ளியில் குஜரி (பழைய சாமான்) கடைக்காரர்களிடம் மூட்டை மூட்டையாக எடுக்கிறோம். மேலே நல்ல சரக்கு, அடியில் குப்பை. லோடு வந்து நிற்கும்போது எப்படிச் சோதிப்பது?
– வாசகர், நாயண்டஹள்ளி

பதில்: ஒரு தார்ப்பாய், 10 கிலோ தராசு, ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு கத்தி போதும். கடைக்காரர் பிரித்துக் காட்டும் மூட்டையை விடுங்கள். அடியிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து இரண்டு என்று நீங்களே இழுங்கள். மூன்றையும் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, ஒரு ஓரத்திலிருந்து 10 கிலோ அள்ளுங்கள். பொறுக்கி எடுக்கக் கூடாது. அதை பி.பி., எச்.டி. (கேன், ஷாம்பூ பாட்டில் வகை), மற்றவை, பிளாஸ்டிக் அல்லாதது என நாலு குவியலாக்கி ஒவ்வொன்றையும் எடை போடுங்கள். இருபது நிமிட வேலை.

சந்தேகம் வரும் துண்டுகளைக் கட்டைவிரல் நகம் அளவு வெட்டித் தண்ணீரில் போடுங்கள். தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்புத் திரவம் அவசியம். சோப்பு இல்லாவிட்டால் துண்டின் மேல் காற்றுக் குமிழ் ஒட்டிக்கொண்டு, மூழ்க வேண்டியதும் மிதந்து ஏமாற்றும். பி.பி., எச்.டி., எல்.டி. (மெத்தென்ற கவர் வகை) மூன்றும் மிதக்கும். பி.வி.சி., பெட் (தண்ணீர் பாட்டில் வகை), ஏ.பி.எஸ். (மின்சாதன உறை வகை), பாலிஸ்டைரின் மூழ்கும். பி.பி. என்று தெரிந்த நாற்காலித் துண்டு மூழ்கினால் அதில் சுண்ணாம்பு மாவு நிறையச் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அந்தத் தானா எடை கூடி உடையும் தன்மையோடு வரும், நல்ல பி.பி.யோடு கலக்காதீர்கள்.

மிதப்பவற்றில் பி.பி.யையும் எச்.டி.யையும் பிரிப்பதுதான் சிரமம். பழகியவர்கள் நகத்தால் கீறுவார்கள். எச்.டி. மெழுகுபோல் கோடு வாங்கும், பி.பி. கடினமாக நிற்கும், கீழே போட்டால் ஓசையும் கணீரென்று வரும். பழகாதவர்களுக்கு ஒரு வழி. ஒரு டம்ளர் தண்ணீரில் பி.பி. என்று உறுதியாகத் தெரிந்த ஒரு துண்டையும் எச்.டி. துண்டு ஒன்றையும் போடுங்கள். இரண்டும் மிதக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். ஒரு கட்டத்தில் எச்.டி. அடிக்குப் போய் பி.பி. மட்டும் மேலே நிற்கும். அங்கே நிறுத்தி, அந்தத் திரவத்தை மூடி வைத்துக்கொண்டால் மற்ற துண்டுகளைச் சோதிக்கலாம். பக்கத்தில் தீ வேண்டாம்.

பி.வி.சி. சந்தேகத்துக்குச் செம்புக் கம்பிச் சோதனை. கம்பியைச் சூடாக்கித் துண்டில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். பி.வி.சி. என்றால் சுடர் பச்சையாக எரியும். புகையை முகராதீர்கள்.

ஈரத்துக்கு, ஒரு கிலோவை எடை போட்டு, வெயிலில் முழுக்க உலர்த்தி மறுபடி எடை போடுங்கள். மழைக் காலத்தில் வரும் ஃபிலிம் மூட்டைகளில் நீங்கள் தண்ணீருக்குக் கொடுக்கும் காசு கண்முன் தெரியும்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் கடைக்காரர் வாரியாக எழுதுங்கள். விலையை, கையில் வரும் சதவீதத்தால் வகுத்தால் உண்மை விலை. ஒருவர் 30 ரூபாய்க்குத் தந்து 75 சதவீதம் வந்தால் உண்மை விலை 40. இன்னொருவர் 33-க்குத் தந்து 88 சதவீதம் வந்தால் 37.50. மூன்று ரூபாய் கூடக் கேட்டவரிடம்தான் நீங்கள் வாங்க வேண்டும். நோட்டைக் காட்டிப் பேசினால் மற்றவரும் வழிக்கு வருவார்.

உங்கள் பட்டறைக்குள்ளேயே போகும் கழிவும் உண்டு. கிரைண்டர் பிளேடு மழுங்கினால் வெட்டாமல் நசுக்கும். அப்போது வரும் தூள் கழுவும் தண்ணீரோடு போய்விடும், மோட்டாரும் அதிக ஆம்பியர் இழுக்கும். தொட்டியின் அடியிலும் வடிகட்டியிலும் சேரும் தூளை வாரம் ஒருமுறை எடை போட்டால் சாணை பிடிக்க வேண்டிய நாள் தானாகத் தெரியும்.

கேள்வி: தானாவில் ஓட்டை ஓட்டையாக விழுகிறது, கறுப்புப் புள்ளி வருகிறது, இழை அடிக்கடி அறுகிறது. எக்ஸ்ட்ரூடரில் சரக்கை உருக்கித் தள்ளும் ஸ்க்ரூவும் அது சுழலும் பேரலும் மாற்றச் சொல்கிறார்கள், பெரிய செலவு. வேறு காரணம் இருக்குமா?
– வாசகர், கும்பளகோடு

பதில்: ஸ்க்ரூ தேய்ந்தால் முதலில் குறைவது உற்பத்திதான். ஒரே சரக்கு, ஒரே வேகத்தில் தானாவாக வெட்டும் முன் பத்து நிமிடம் வரும் இழையை எடை போட்டு மாதாமாதம் எழுதி வையுங்கள். அது 15, 20 சதவீதம் இறங்கினால் ஸ்க்ரூவைக் கழற்றி அளக்கலாம். நீங்கள் சொல்லும் மூன்று கோளாறுக்கும் பெரும்பாலும் காரணம் வேறு.

ஓட்டைக்கு ஈரம். உலர்த்தியிலிருந்து வரும் துண்டைக் கையில் இறுக்கிப் பிடித்துத் திறவுங்கள். உள்ளங்கை நனைந்தால் அந்தச் சரக்கு எக்ஸ்ட்ரூடருக்கு ஆகாது. ஈரம் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பேரலில் ஆவி வெளியேறும் வென்ட் துளையில் வாக்குவம் பம்ப் இழுக்கிறதா, குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். குமிழோடு கண்ணை எரிக்கும் நெடி வந்தால் அது ஈரமில்லை, பி.வி.சி. கருகுகிறது. பி.வி.சி. உங்கள் பி.பி. வெப்பமான 200 டிகிரியைத் தாங்காது. அதிலிருந்து வரும் அமில ஆவி பேரலையும் அரிக்கும், ஆளின் நெஞ்சையும் அரிக்கும். உடனே நிறுத்தி, சுத்தமான எச்.டி. போட்டு வெளியே தள்ளுங்கள்.

கறுப்புப் புள்ளி எப்போது வருகிறது என்று கவனியுங்கள். காலையில் முதல் அரை மணி மட்டும் வந்தால், நேற்று பேரலில் நின்ற சரக்கு கருகியது. மின்சாரம் போகும்போது சரக்கு உள்ளே வெந்துகொண்டே இருக்கும். பெங்களூருத் தொழிற்பேட்டைகளில் கோடை மழைக் காலத்தில் இது சகஜம். திட்டமிட்டு நிறுத்தும்போதாவது சுத்தமான எச்.டி. தள்ளிவிட்டு நிறுத்துங்கள். மறுபடி கிளப்பும்போது ஹீட்டர் போட்டு ஒரு மணி, ஒன்றரை மணி பொறுக்க வேண்டும். உள்ளே உருகாமல் மோட்டாரை ஓட்டினால் கியர்பாக்ஸ் போகும்.

நாள் முழுக்கப் புள்ளி வந்தால் கழற்றிய வலையைத் தூக்கி எறியாமல் ஆறவிட்டு, அதில் ஒட்டிய கட்டியைப் பிளேடால் பிரித்து வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளியாக மின்னினால் ஃபாயில் லேபிள். நூல் நூலாக இருந்தால் நைலான். வெள்ளை அரிசிபோல் உருகாமல் இருந்தால் பெட், அது உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். மணல் என்றால் கழுவும் தொட்டியின் தண்ணீரை மாற்றவில்லை. எது சிக்குகிறதோ அதைப் பிரிக்கும் மேசையில் நிறுத்துங்கள். வலையை நெருக்கமாக்கிக்கொண்டே போனால் அழுத்தம் ஏறி வலை கிழியும், அதன் பிறகு எல்லாமே கடந்து வரும்.

இழை அறுவதற்குப் பெரும்பாலும் கலப்பு காரணம். கேனிலிருந்து வரும் ஊதும் ரக எச்.டி. உருகினாலும் கெட்டியாக நகரும், கிரேட், மூடி செய்யும் ஊசி வார்ப்பு ரகம் தண்ணீராக ஓடும். இரண்டும் கலந்தால் இழை ஒரு இடத்தில் தடித்து, ஒரு இடத்தில் மெலியும். வாங்குபவரிடமும் இதே புகார் வரும், ஏனென்றால் அவருடைய அச்சிலும் ஒருநாள் நிரம்பும், ஒருநாள் நிரம்பாது. கேன் தனி, கிரேட்டும் மூடியும் தனி என்று வைப்பதற்கு ஆள் கூலி கொஞ்சம் கூடும். அதைவிட அதிகமாகவே விலையில் திரும்பும்.

கேள்வி: தரம் மாறாமல் கொடுத்தும் வாங்குபவர் திடீர் திடீரென்று விலையைக் குறைக்கிறாரே?
– வாசகர், பொம்மசந்திரா

பதில்: அவர் பார்ப்பது மறுசுழற்சி செய்யாத புதுக் குருணையின் விலையை. ரிலையன்ஸ், இந்தியன் ஆயில் போன்ற நிறுவனங்கள் விலைப்பட்டியலை மாற்றினால் தானா விலை பின்னாலேயே ஆடும். கச்சா எண்ணெய் சரிந்த 2020-ல் உலகம் முழுக்க மறுசுழற்சிச் சரக்கு தேங்கியது. இறங்கும்போது தானா விலை உடனே இறங்கும், பழைய சரக்கின் விலை இறங்கச் சில வாரம் ஆகும். அந்த இடைவெளிதான் உங்கள் நஷ்டம். ஆகவே பழைய சரக்கைப் பதினைந்து நாளுக்கு மேல் குவிக்காதீர்கள், விலை ஏறும் என்று பந்தயம் கட்டாதீர்கள். முடிந்தால் ஒரு பெரிய வாங்குபவரோடு, புதுக் குருணை விலையில் இத்தனை சதவீதம் என்று எழுதிக்கொண்டு, சரக்கு விற்பவரோடும் மாதம் இருமுறை அதே கணக்கில் விலை பேசுங்கள்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். பெரிய முதல் கிடையாது. சுற்றியுள்ள அப்பார்ட்மென்ட்டுகள் உலர் கழிவைக் கொடுக்கச் சம்மதிக்கின்றன. நாங்கள் எதில் தொடங்கலாம்?
– வாசகி, கே.ஆர்.புரம்

பதில்: பிரிப்பதிலும் கட்டுவதிலும் தொடங்குங்கள். இந்தத் தொழிலில் குறைந்த முதலில் அதிக மதிப்பு சேருவது அங்கேதான். பெங்களூரில் ஈரக் குப்பை, உலர் குப்பை, சுகாதாரக் கழிவு என்று வீட்டிலேயே பிரிக்கச் சொல்லி 2015-லேயே உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதால், அப்பார்ட்மென்ட் சரக்கு மற்ற ஊர்களைவிடச் சுத்தமாகக் கிடைக்கிறது. சோற்றுப் பருக்கை படாத பால் கவரும் படிந்த பால் கவரும் ஒரே விலைக்குப் போவதில்லை.

இடுப்பு உயர மேசை, நல்ல வெளிச்சம், கையுறை, முகக்கவசம், எடைத் தராசு இருந்தால் வேலை தொடங்கலாம். தரையில் உட்கார்ந்து பிரித்தால் வேகமும் வராது, முதுகும் போகும். பெட் பாட்டிலில் நிறமற்றது, பச்சை, எண்ணெய் பாட்டில் மூன்றும் தனி. எச்.டி.யில் ஷாம்பூ, டிடர்ஜென்ட் பாட்டிலும் வெள்ளைக் கேனும் தனி. பி.பி.யில் ஹோட்டல் பார்சல் டப்பா தனி. எல்.டி.யில் அச்சில்லாத நிறமற்ற ஃபிலிமும் கலரும் தனி. ஃபிலிம் கசக்கினால் மொரமொரவென்று சத்தம் கொடுப்பது எச்.எம்., மெத்தென்று இருப்பது எல்.டி. இரண்டும் வேறு மூட்டை.

அடுத்த படி, சரக்கை நசுக்கிக் கட்டாக்கும் பேலிங் பிரஸ். நசுக்காத பாட்டில் என்றால் வண்டி நிறையக் காற்றைத்தான் ஏற்றி அனுப்புகிறீர்கள், கிலோவுக்கு விழும் வண்டி வாடகை ஏறும். பேலில் ஈரமோ மூடிக்குள் தண்ணீரோ இருக்கக் கூடாது, ஒருமுறை கண்டால் வாங்குபவர் ஒவ்வொரு பேலிலும் கழிப்பார். அப்பார்ட்மென்ட்டோடு சேவைக் கட்டணம் தனியாகப் பேசுங்கள். மசாலா பாக்கெட், தெர்மாகோல் போன்ற விலை போகாத சரக்கையும் நீங்கள்தான் சுமக்கிறீர்கள். அதற்குக் கூலி கேட்பது நியாயம், கேட்காவிட்டால் பாட்டிலில் வந்த லாபம் அதிலேயே போய்விடும்.

கேள்வி: கழுவிய எல்.டி. தானாவிலிருந்து நானே கேரி பேக் ஊதினால் லாபம் கூடுமா?
– வாசகர், மைசூரு சாலை

பதில்: வேண்டாம். கர்நாடகத்தில் பிளாஸ்டிக் கேரி பேக்குக்கு 2016-லேயே தடை. பை 120 மைக்ரானுக்குக் குறையக் கூடாது என்ற மத்திய விதியைக் காட்டி இங்கே தப்ப முடியாது. சிக்கினால் சரக்கோடு மிஷினும் போகும். எல்.டி. தானாவைக் கட்டட வேலைக்கான கறுப்பு ஷீட், பைப் போடுபவர்களுக்குக் கொடுங்கள்.

கேள்வி: பில் இல்லாமல் வாங்கி, பில்லோடு விற்கிறோம். ஜி.எஸ்.டி. சிக்கல் வருமா?
– வாசகர், பீன்யா

பதில்: பதிவில்லாத சிறு கடைக்காரரிடம் வாங்குவது குற்றமில்லை. யாரிடம், எத்தனை கிலோ, என்ன விலை என்ற கொள்முதல் சீட்டு, எடைச் சீட்டு, பணம் போன வழி மூன்றையும் வைத்திருங்கள். உள்ளீட்டு வரி (வாங்கும்போது கொடுத்த வரியை, கட்ட வேண்டிய வரியில் கழிப்பது) கிடைக்காது, அவ்வளவுதான். 2021 அக்டோபரில் பிளாஸ்டிக் கழிவின் வரி 5-லிருந்து 18 சதவீதம் ஆனதும், அந்த 18-ஐக் காட்டுவதற்காகச் சரக்கே இல்லாமல் பில் மட்டும் விற்பவர்கள் முளைத்தார்கள். அதைத் தொடவே தொடாதீர்கள். விற்றவர் வரி கட்டாவிட்டால் நீங்கள் எடுத்த வரியை வட்டியோடு, அபராதத்தோடு திருப்பிக் கட்ட வேண்டும். மாதாமாதம் ஜி.எஸ்.டி. தளத்தின் 2பி அறிக்கையில் அவருடைய பில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு வரித் தொகையைக் கொடுங்கள். முதலில் சரக்கின் விலை, பிறகு வரி என்று பேசிக்கொள்வது தொழிலில் வழக்கம்தான்.

கேள்வி: ஈ.பி.ஆர். (உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பு) சான்றிதழ் விற்றே முதலை எடுத்துவிடலாம் என்கிறார்களே?
– வாசகர், ஜிகனி

பதில்: 2022 பிப்ரவரியில் வந்த விதிப்படி, பாக்கெட்டில் பொருள் விற்கும் நிறுவனங்கள் தங்கள் பிளாஸ்டிக்குக்குப் பொறுப்பேற்க வேண்டும். பதிவு செய்த மறுசுழற்சிப் பட்டறை உண்மையில் எவ்வளவு மறுசுழற்சி செய்ததோ அவ்வளவுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் சான்றிதழ் உருவாகும், அதை அந்த நிறுவனங்கள் வாங்கும். கெட்டிப் பிளாஸ்டிக், மெல்லிய ஃபிலிம், பல அடுக்குப் பாக்கெட் என்று வகைக்கு வகை விலை வேறு. வருடத்துக்கு வருடமும் பெரிதாக ஆடுகிறது. அதனால் இந்த வரவைத் தவணை கட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். சான்றிதழ் இல்லாமலே பட்டறை நிற்க வேண்டும், வந்தால் கடனை முன்கூட்டி அடைத்துவிடுங்கள்.

பதிவுக்கு மாநில வாரியத்தின் இயக்க அனுமதி, ஜி.எஸ்.டி., இயந்திரத் திறன் விவரம் எல்லாம் வேண்டும். உங்கள் மின் கட்டணமும் விற்பனை பில்லும் காட்டிய டன்னோடு ஒத்துப்போக வேண்டும். மாதம் 20 டன் போடும் மின்சாரத்தில் 200 டன் காட்டினால் தணிக்கையில் தெரிந்துவிடும், நீங்கள் இழப்பீடு கட்ட வேண்டி வரும், பதிவும் ரத்தாகும்.

சான்றிதழைவிட நிலையான வாய்ப்பு ஒன்றும் இதே விதியில் இருக்கிறது. 2025-26 முதல் கெட்டிப் பேக்கிங்கில் 30 சதவீதம் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இருக்க வேண்டும், 2028-29-ல் அது 60. உணவு தொடும் பேக்கிங்குக்குச் சிறு பட்டறைத் தானா போக முடியாது. பெயின்ட் டப்பா, எஞ்சின் ஆயில் கேன், டிடர்ஜென்ட் பாட்டில் செய்பவர்களிடம் போகலாம். அவர்கள் கேட்பது ஒவ்வொரு லாட்டுக்கும் உருகி ஓடும் அளவு, சாம்பல் அளவு, நிறம். வெளி ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து, எந்த மூட்டை எந்த லாட் என்று எண் போட்டு அனுப்பும் பட்டறைக்குத்தான் அந்தக் கதவு திறக்கும்.

கேள்வி: சிப்ஸ் பாக்கெட்டிலிருந்து டீசல் எடுக்கும் மிஷின் விளம்பரம் பார்த்தேன். போடலாமா?
– வாசகர், ஹலசூரு

பதில்: சிறு முதலீட்டாளர் இறங்கும் இடமில்லை. அதில் வருவது நேரடியாக வண்டிக்கு ஊற்றும் டீசல் அல்ல. தரம் நிலையில்லாத எண்ணெய், கூடவே எரியும் வாயு, கரி. கொஞ்சம் பி.வி.சி. கலந்தாலும் அமிலம். தீ விபத்து அபாயம் பெரிது, அனுமதியும் கடினம். அலுமினியம் ஒட்டிய பாக்கெட்டைப் பிரித்துக் கட்டி, சிமென்ட் ஆலைச் சூளைக்கு அனுப்புபவர்களிடம் கொடுத்துவிடுங்கள். கலபுரகி பக்கம் அப்படிப்பட்ட ஆலைகள் இருக்கின்றன. வண்டிச் செலவு யாருடையது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓசூரில் வார்ப்புப் பட்டறை ஒன்றுக்குத் தானா கொடுத்தேன். நான்கு மாதமாகப் பணம் வரவில்லை.
– வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: உத்யம் (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. தாமதித்தால் கூட்டு வட்டி. அந்தக் கெடு தாண்டி, நிதியாண்டு முடிவதற்குள்ளும் கொடுக்காத தொகையை வாங்கியவர் அந்த ஆண்டு செலவாகக் காட்டி வருமான வரி குறைக்க முடியாது. இந்த விதியைக் குறிப்பிட்டு, உத்யம் எண்ணோடு மார்ச்சுக்கு முன் ஒரு கடிதம் அனுப்பினால் பல பாக்கிகள் அசையும், ஏனென்றால் அவருடைய ஆடிட்டரே கேட்பார். அசையாவிட்டால் குறு, சிறு தொழில் அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் பதியலாம்.

இனிமேல் ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சிடுங்கள். எந்த ஒருவருக்கும் உங்கள் மாத விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாக்கி விடாதீர்கள். மாநில எல்லை தாண்டும் லோடு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில் (சரக்கு ஏற்றிச் செல்வதற்கான இணையச் சீட்டு) கட்டாயம், சரக்கு போய்ச் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு சாட்சி.

கேள்வி: கழுவும் தண்ணீரைச் சாக்கடையில் விடுகிறோம் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. டேங்கர் தண்ணீர் செலவும் தாங்கவில்லை.
– வாசகர், நாயண்டஹள்ளி

பதில்: இரண்டுக்கும் ஒரே மருந்து. மூன்று தொட்டி கட்டுங்கள். முதல் தொட்டியில் மணலும் சேறும் அடியில் தங்கட்டும். இரண்டாவதில் படிகாரமோ பாலி அலுமினியம் குளோரைடோ போட்டுக் கலங்கலைத் திரட்டுங்கள். மூன்றாவதிலிருந்து வலை வடிகட்டி வழியாகத் தண்ணீர் முதல் கழுவலுக்குத் திரும்பட்டும். கடைசி அலசலுக்கு மட்டும் புதுத் தண்ணீர். இப்படிச் சுழற்றினால் கிலோவுக்கு இரண்டு மூன்று லிட்டர் புதுத் தண்ணீரில் ஓட்டலாம். 2024 கோடையில் டேங்கர் கிடைக்காமல் நகரமே தவித்ததை நினைத்தால், தொட்டிச் செலவு சீக்கிரமே திரும்பும்.

பூச்சிமருந்து டப்பா, ரசாயனக் கேன் இந்தத் தொட்டிக்குள் வரவே கூடாது. அவை அபாயக் கழிவு, அனுமதி பெற்றவர் மட்டுமே கையாளலாம். அடியில் சேரும் சேற்றில் பிளாஸ்டிக் தூள் இருக்கும். காய வைத்து மூட்டையாக்கி, உங்கள் அனுமதிப் பத்திரத்தில் சொன்ன இடத்துக்கு அனுப்பி ரசீது வாங்குங்கள். நோட்டீசுக்குப் பதில் எழுதும்போது தொட்டியின் வரைபடம், படம், ரசீது மூன்றையும் இணையுங்கள்.

கேள்வி: தீ விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறேன். போதுமா?
– வாசகர், பொம்மனஹள்ளி

பதில்: பாலிசியை எடுத்துப் படியுங்கள். கட்டடமும் இயந்திரமும் மட்டுமா, சரக்கும் உண்டா? திறந்த வெளியில் கிடக்கும் சரக்கு உண்டா? மாசுக் கட்டுப்பாட்டு அனுமதி காலாவதியாகி இருந்தால் இழப்பீடு தர மறுப்பார்களா? தொழிலை ‘பிளாஸ்டிக் வியாபாரம்’ என்று எழுதியிருந்தால் உடனே ‘பிளாஸ்டிக் மறுசுழற்சி’ என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். பிரீமியம் கூடும், ஆனால் தவறான விவரிப்பில் கிளெய்ம் நிற்காது.

ஷெட்டில் குவியலுக்கும் சுவருக்கும், குவியலுக்கும் எக்ஸ்ட்ரூடருக்கும் இடையே ஆள் நடக்கும் வழி விடுங்கள். கழிவு மூட்டைக்குள் செல்போன் பேட்டரி, லைட்டர் வந்தால் கிரைண்டரில் விழும் முன் பிரிக்கும் மேசையிலேயே எடுத்து மணல் வாளியில் போடச் சொல்லுங்கள். இரவு ஷிப்ட் முடிந்ததும் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, உருகிய கட்டிகள் முழுக்க ஆறிய பிறகே குவியலில் சேர்க்க வேண்டும். வெளியே ஆறியதுபோல் தெரியும் கட்டி உள்ளே பல மணி நேரம் சூடாகவே இருக்கும்.